பாடகர் அல்லாத நடிகரைப் பாட வைப்பது: கட்டை பிடிப்பதிலிருந்து மிக்ஸ் வரை

தமிழில் நடிகர்கள் பாடி ஹிட்டான பாடல்களை வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். 1992-ல் 'மன்னன்' படத்துக்காக ரஜினிகாந்த் பாடிய 'அடிக்குது குளிரு' ஆகட்டும், 2011 நவம்பரில் யூடியூபில் வந்து உலகமெல்லாம் சுற்றிய தனுஷின் 'ஒய் திஸ் கொலவெறி டி' ஆகட்டும், பாடுகிறவரின் குரல் அவருடைய பேச்சுக் குரலை விட்டு அதிக தூரம் போயிருக்காது. மெட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. குறும்படத்துக்கோ தனி சிங்கிளுக்கோ நடிகரைப் பாட வைக்க நினைக்கும் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பாட்டை முழுசாகச் செய்து முடித்துவிட்டு, அதற்குள் நடிகரைத் திணிக்கப் பார்ப்பார்கள். ஜே.பி. சந்திரபாபு, ஆண்ட்ரியா, ஸ்ருதி ஹாசன் மாதிரி நிஜமாகவே பாடத் தெரிந்தவர் கிடைத்தால் கீழே உள்ளதில் பாதி தேவைப்படாது. மற்றவர்களுக்கு இது.

முதலில் கட்டை

கட்டை என்பது பாட்டின் ஆதார சுருதி, அதாவது சட்ஜம் நிற்கும் உயரம். அதைப் பிடிக்க நடிகரைப் பாடச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். சாப்பாடு, ஷூட்டிங், கிரிக்கெட் என்று எதையாவது ஐந்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்து, ட்யூனர் செயலியில் ஓட்டுங்கள். ஆண் குரல் பொதுவாக 100 முதல் 130 ஹெர்ட்ஸுக்குள் சுற்றும், பெண் குரல் 180 முதல் 220-க்குள். இதுதான் அவருடைய வீடு.

அந்த சுரத்திலிருந்து 'ஆ' என்று ஒவ்வொரு செமிடோனாக (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைக்கு, அதாவது அரை சுரமாக) மேலே ஏற்றுங்கள். குரல் மெலிந்து உடையும் இடத்திலிருந்து மூன்று செமிடோன் கீழே வந்தால் அதுதான் மேல் எல்லை. அதே மாதிரி இறக்கிக்கொண்டே வாருங்கள். சத்தம் போய் வெறும் காற்று வரும் இடத்திலிருந்து இரண்டு செமிடோன் மேலே கீழ் எல்லை.

ஒரு உதாரணம். கீபோர்டின் சுரப் பெயர்களில் சொன்னால், உடைவது ஈ4-ல், காற்றாவது ஜி2-ல் என்றால் கையில் இருப்பது ஏ2 முதல் சி ஷார்ப் 4 வரை. இரண்டு கட்டையில் (சட்ஜம் டி3) மெட்டுப் போட்டால் மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் முதல் மத்திய ஸ்தாயி நிஷாதம் வரை தாராளமாகக் கிடைக்கும், மேல் சட்ஜம் கிடைக்காது. மேல் சட்ஜம் வேண்டுமென்று ஒன்றரைக் கட்டைக்கு (சட்ஜம் சி ஷார்ப் 3) இறக்கினால் கீழே பஞ்சமம் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்பதை மெட்டுப் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் கீழ்ப் பக்கத்தை விட்டுக்கொடுங்கள். கீழ் சுரத்தைத் தாளத்தோடு பேசி ஒப்பேற்றலாம், மேல் சுரத்தில் மாட்டிக்கொண்டால் வழியே இல்லை.

கட்டை உறுதியாகும்வரை லைவ் வாத்தியம் எதையும் எடுக்க வேண்டாம். மிடி தடத்தில் (கணினி வாசிக்கும் சுரக் குறிப்பில்) கீ மாற்றுவது ஒரு நிமிட வேலை. வாசித்து எடுத்த நாதஸ்வரத்தை இரண்டு செமிடோன் இழுத்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

மெட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு மூச்சுக்கு நான்கைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். இரண்டு அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) மேல் நீளும் சுரம் வேண்டாம், நீட்டினால் ஆட்டம் தெரியும். ஒரே தாவலில் ச-விலிருந்து ம வரையுள்ள தூரத்துக்கு மேல் போக வேண்டாம். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) அறவே கூடாது. பாட்டின் பெரும்பகுதி பேச்சு சுரத்துக்கு மூன்று முதல் ஐந்து செமிடோன் மேலே நிற்கட்டும், அங்கேதான் உற்சாகம் இருக்கிறது. சரியாகப் பேச்சு சுரத்திலேயே வைத்தால் தூங்கி வழியும்.

வரி எழுதுகிறவருக்கும் இதில் வேலை உண்டு. 'கொலவெறி'யில் மூனு, நைட்டு, ஒயிட்டு என்று ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் உகரம் ஒட்டியிருப்பது வெறும் கிண்டலுக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் டக்கென்று இறங்கி, நீளாமல் முடிகிறது. பாடகர் அல்லாத குரலுக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது. 'ஆ', 'ஏ' என்று நெடிலில் முடியும் வரிகளைச் சரணத்தில் அடுக்கினால் அத்தனையும் பிசிறும்.

இன்னொரு பழைய உத்தி டூயட். ரஜினிக்குப் பக்கத்தில் எஸ். ஜானகி, 'கத்தி'யின் 'செல்ஃபி புள்ள'யில் விஜய்க்குப் பக்கத்தில் சுனிதி சௌஹான், 'மாரி 2'-ன் 'ரவுடி பேபி'யில் தனுஷுக்குப் பக்கத்தில் தீ. மெட்டின் உயரத்தைத் தேர்ந்த பாடகியிடம் கொடுத்துவிட்டு, நடிகருக்குக் குணத்தை மட்டும் விடுங்கள். 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டில் பேச்சும் பாட்டும் மாறி மாறி வருவதைக் கவனித்துக் கேட்டால், வசனத்துக்கு எவ்வளவு இடம் விடலாம் என்பது புரியும்.

டிராக் அனுப்பும்போது

நல்ல பாடகரை வைத்து டிராக் (நடிகர் கேட்டுப் பழகும் மாதிரிப் பதிவு) பாடி அனுப்பாதீர்கள். நடிகர்கள் மிமிக்ரியில் கெட்டிக்காரர்கள். அந்தப் பாடகரின் அசைவையெல்லாம் அப்படியே பிடிக்கப் பார்த்து, சுருதியைக் கோட்டை விடுவார்கள். இசையமைப்பாளரே சாதாரணக் குரலில் பாடியதும், கீபோர்டில் மெட்டை மட்டும் வாசித்ததும் போதும். பதிவுக்கு மூன்று நாள் முன்னால் அனுப்பினால் சரி. இரண்டு வாரம் முன்னால் கொடுத்தால் காரில் தப்பாகப் பாடிப் பாடி, அந்தத் தப்பே மனப்பாடமாகி வந்து நிற்கும்.

பதிவு நாள்

அறையில் எதிரொலி இருந்தால் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம், டைனமிக் மைக் போதும். நடிகர் நின்று பாடட்டும், கையை ஆட்டட்டும், தடுக்காதீர்கள். பாப் ஃபில்டரை (வாய்க் காற்றைத் தடுக்கும் வலையை) மைக்கிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் தலை தானாகவே அந்தத் தூரத்தில் நிற்கும். பாட்டுத் தாள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். குனிந்தால் தொண்டை அடைபடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயின் வையுங்கள், பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று கத்துவார்.

ஹெட்போனில் ஒரு காதைத் திறந்து விடச் சொல்லுங்கள். பின்னணி இசை டிராக்கின் சத்தம் குறைவாகவும் மெட்டு வழிகாட்டி மெல்லியதாகவும் இருக்கட்டும். டிராக் அலறினால் அவரும் அலறுவார், சுருதி விலகும். ஆட்டோட்யூன் போட்ட குரலை அவர் காதுக்கு அனுப்பவே கூடாது. தான் பாடியது ஒன்று, கேட்பது ஒன்று என்று ஆகி, அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுவார்.

முதல் மூன்று டேக்கை நிறுத்தாமல் முழுப் பாட்டாக எடுங்கள். தப்பைச் சொல்ல வேண்டாம். அதன் பிறகு வரி வரியாக லூப், ஒரு வரிக்கு நான்கு முதல் ஆறு டேக். பழகாத தொண்டை ஒன்றரை மணி நேரத்தில் களைத்துவிடும். அதனால் நடு சுரத்து வரிகள் முதலில், உயரமான பல்லவி இருபதாவது நிமிடம் முதல் ஐம்பதாவது நிமிடத்துக்குள், பேசும் பகுதிகள் கடைசியில்.

அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. வசனம் பேசிப் பழகியவர் வரியின் கடைசிச் சொல்லில் குரலை இறக்குவார். "போறேன்", "வாறேன்" என்று வாக்கியம் முடிகிற இடத்தில் பேச்சு இயல்பாகவே இறங்கும். சுருதிமானியில் பார்த்தால் வரி முழுக்கச் சரியாக வந்து, கடைசி எழுத்து மட்டும் கால் சுரம் தொங்கும். "சுருதி சேரலை சார்" என்று சொன்னால் பயந்து இன்னும் கெடும். "இன்னும் ஏதோ சொல்ல வர்றீங்க சார், முடிக்கல" என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியம் முடியவில்லை என்று நினைத்தாலே குரல் தூக்கி நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் மெட்டையே கடைசியில் சட்ஜத்துக்கு இறக்கிவிடுங்கள்.

எடுப்பில் தாமதம் அடுத்தது. அடி விழுந்த பிறகுதான் வாய் திறப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையால் 'தகதிமி' போட்டுக் காட்டுங்கள். மிச்சமிருக்கும் தாமதத்தை எடிட்டில் 15 முதல் 30 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்தினால் தீரும்.

எடிட்டும் மிக்ஸும்

டேக் பொறுக்கும்போது உயிர் முதலில், உச்சரிப்பு அடுத்து, சுருதி கடைசி. சுருதியைத் திருத்தக் கருவி இருக்கிறது, ழகரம் வராததைத் திருத்த இல்லை. சுருதி திருத்தும் மென்பொருளான மெலோடைனில் சுரத்தின் மையத்தை 60, 70 சதவீதம் மட்டும் இழுங்கள். சொல் தொடங்கும் சறுக்கலைத் தொடாதீர்கள், ஆளின் அடையாளமே அதில்தான். ஒன்றரை செமிடோனுக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் அந்த வரியை மறுபடி எடுப்பதே மேல்.

ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கம்ப்ரஷர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) 4:1, குறைப்பு 4 முதல் 6 டெசிபல். இரண்டு டபுள் (அதே வரியை அவரே மறுபடி பாடிய பதிவு) எடுத்து இடம், வலமாகப் பிரித்து, மெயின் குரலைவிட 10 டெசிபல் கீழே வையுங்கள். மெலிதாகத் தெரியும் இடத்தில் தேர்ந்த பாடகர் ஒருவரின் குரலை அடியில் கலப்பதும் உண்டு. கலந்தால் அவர் பெயரையும் போடுவதுதான் மரியாதை. சுருதிக் குறையை ரிவர்பில் (எதிரொலி எஃபெக்டில்) மறைக்கலாம் என்பது தப்பு. நீண்ட ரிவர்பில் விலகிய சுரம் தொங்கிக்கொண்டே இருந்து அடுத்த கார்டோடு மோதும். ஒரு வினாடிக்குள் அடங்கும் பிளேட் வகை ரிவர்ப் போதும்.

ஆடியோ வெளியீட்டு மேடையில் பாடச் சொல்வார்கள், நிச்சயம். அரைக் கட்டை இறக்கிய கரோக்கி ஒன்றை, டபுள் குரல்களைக் கோரஸில் மட்டும் விட்டு, இப்போதே பவுன்ஸ் செய்து (ஒரே ஆடியோ கோப்பாக எடுத்து) வையுங்கள். ஆடிக்கொண்டே பாடும்போது ஸ்டுடியோவில் எட்டிய சுரம் எட்டாது.