பெரியவர்கள் சொன்ன கதையைச் சுவர் ஓவியமாக்குவது எப்படி? எங்கள் ஊருணிச் சுவர் அனுபவம்

போன மே மாதம் எங்கள் ஊரில் (சிவகங்கைப் பக்கம்) நூலகத்தின் சுற்றுச்சுவரில், ஊருணியைப் பார்த்த பக்கமாக, 40 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் வரைந்து முடித்தோம். கதை சொன்னவர்கள் 9 பெரியவர்கள், வரைந்தவர்கள் 11 பிள்ளைகள். அதன் பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து நிறையப் பேர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

இது எனக்கு இரண்டாவது சுவர். முதல் சுவரில் எல்லாவற்றையும் நானே செய்தேன். நான்கு பாட்டிகளிடம் கதை கேட்டேன், வீட்டுக்கு வந்து நானே படம் போட்டேன்: இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், பின்னால் பனைமரம், சூரியன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திறந்த அன்றைக்கு ஓர் ஐயா வந்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுப் பொம்பளைப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. எந்தக் காலண்டரிலும் இருக்கக்கூடியவள். கீழே சொல்லும் முறை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

படி 1: சுவரும் அனுமதியும்

பொதுச் சுவர் என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, வாய் வார்த்தை அனுமதி அதற்கு முன்னால் நிற்காது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் ஏதாவது ஒன்றில் பேசி, தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஊர் முழுக்கத் தெரிந்த வேலையாகவும் ஆகிவிடும்.

சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஜனங்கள் நிற்கிற இடமாகப் பாருங்கள். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, ஊருணிக்கரை. நம்முடைய நடுகற்களும் ஊரார் போகிற வருகிற வழியில் நின்றவைதான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில், கூடலூர் ஆகோளில் (மாடு கவரும் சண்டையில்) இறந்தவனின் பெயர் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊரில் நடந்ததை ஊரின் நடுவில் நிறுத்துவது நமக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்.

படி 2: கேட்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

நம்மைப் போன்ற பெரியவர்கள் கேட்டால், "அதான் ஒனக்குத் தெரியுமே" என்று சுருக்கிவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலையும் தெரியாது, தானியம் அளக்கிற மரக்காலும் தெரியாது. அதனால் முதலிலிருந்து விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்தில்தான் படம் இருக்கிறது.

ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் கேட்க, இன்னொருவர் கேட்கக் கேட்க வரைய. முடிந்தால் சொந்தப் பேரன் பேத்தி வேண்டாம், அடுத்த தெருப் பிள்ளையை அனுப்புங்கள். சொந்தப் பிள்ளை என்றால் "போய்ப் படிடா" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

"கதை சொல்லுங்க அப்பத்தா" என்று மட்டும் தொடங்காதீர்கள். "எனக்கு என்ன கதை தெரியும்" என்பார்கள். கையில் ஒரு பொருளோடு போங்கள். பழைய மரக்கால், ஈயம் பூசிய பித்தளைக் குண்டான், பனையோலைப் பட்டை, எது கிடைத்தாலும் சரி. பிள்ளை அதை நீட்டி "இது என்னது?" என்று கேட்டால் போதும்.

நேரமும் முக்கியம். எங்களுக்கு நன்றாக அமைந்தது மாசி, பங்குனியில், புளி உடைக்கிற நாட்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கொட்டை எடுத்தார்கள்.

வருஷம் கேட்கவேண்டாம். "தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள், 1964 டிசம்பர் கிடைத்துவிடும். அண்ணா இறந்தது 1969, எம்.ஜி.ஆர். இறந்தது 1987. இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் எந்தக் கதையையும் ஏறக்குறைய ஒரு காலத்தில் வைத்துவிடலாம்.

ஒலிப்பதிவுக்குப் போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. கேமராவைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, பொது மேடையில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

படி 3: வரைந்ததைத் திரும்பக் காட்டுங்கள்

நான் முதல் தடவை விட்டது இந்தப் படியைத்தான். கதை கேட்ட அன்றே, அந்த இடத்திலேயே, பிள்ளை வரைந்ததைச் சொன்னவரிடம் காட்டவேண்டும். எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கோணலாக இருந்தால் இன்னும் நல்லது, திருத்தக் கூச்சப்பட மாட்டார்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கமலைக் கிணறு வரைந்தான். கிணற்றைச் சுற்றி ஒற்றை மாடு, செக்கு மாதிரி. ஐயா தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திண்ணையிலிருந்து இறங்கி, ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் மண்ணில் கோடு போட்டார். சரிவான ஒரு தடம். ஜோடி மாடு. தண்ணீர் மொள்ளும் சாலுக்கு வடம் ஒன்று, வால்கயிறு ஒன்று. "மாடு எறங்குனா சால் ஏறும். சால் எறங்கணும்னா மாடு பின்னாலயே நடந்து ஏறணும்" என்று சொல்லி, எண்பது வயதுக்காரர் வாசலில் நாலு அடி பின்னால் நடந்து காட்டினார். பையனும் பின்னால் நடந்தான். இப்போது சுவரில் இருக்கும் மாடுகளின் பின்னங்கால்கள் மேட்டைப் பார்த்து ஊன்றி இருக்கின்றன. கமலை இறைத்தவர்கள் யாரும் அந்த இடத்தில் நிற்காமல் போவதில்லை.

ஒரு படத்துக்கு இரண்டு தடவையாவது இப்படித் திரும்பப் போங்கள். எங்களுக்கு ஊருணிப் படிக்கட்டு மட்டும் ஐந்து தடவை ஆனது.

படி 4: யாருடைய கதை?

முதல் மூன்று வாரம் எங்கள் தெருவிலும் கோயில் தெருவிலும் மட்டுமே கதை கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஊருணியைப் பற்றியே சொன்னார்கள்: அதன் தண்ணீர் இனிப்பு, பொங்கலுக்கு முதல் குடம், தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வைப்பது. பிறகு காலனிக்குப் போனோம். பித்தளைக் குடத்தைக் காட்டி எட்டாவது படிக்கும் பிள்ளை ஊருணியைப் பற்றிக் கேட்டாள். அங்கிருந்த அம்மாச்சி குடத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க ஊருணியில எங்க கொடம் நனைஞ்சதில்ல ஆத்தா."

கரைக்கு வெளியே குடத்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றினால் உண்டு. சில நாள் மத்தியானம் வரைக்கும் ஊற்ற மாட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எங்கள் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நான்தான் "எழுதுங்க" என்றேன்.

இதைச் சுவரில் வைப்பதா என்று ஊரில் பேச்சு எழுந்தது. "இப்பதான் அப்படி ஒண்ணும் இல்லையே, எதுக்குக் கிளறணும்" என்றார்கள் சிலர். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் கதை இல்லாத ஊருணிப் படம் பாதி ஊரின் படம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கி, வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளத்துக்கு வரைந்த ஓவியமும் இப்படித்தான், பள்ளிப் புத்தகங்கள் விட்டுவிட்ட மக்களின் வரலாற்றை வரைந்தது. அதில் வேலை செய்த இளையோர் 400 பேருக்கு மேல்.

எப்படி வரைவது என்பதை அம்மாச்சியிடமே கேட்டோம். காத்திருக்கும் பெண்களின் வரிசையைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நின்னதை வரையாத. நான் மொத மொதல்ல எறங்குனேன்ல, அதை வரை" என்றார். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு அடுத்த கோடையாம். நான்கு பெண்கள் சேர்ந்து, யாரையும் கேட்காமல், படியில் இறங்கி மொண்டிருக்கிறார்கள். சுவரின் நடுவில் இருப்பது அந்தப் படம். கரையில் ஆளில்லாத குடங்கள் சில வைத்திருக்கிறோம், அதுவும் அவர் சம்மதத்தோடு.

எந்த வலியான கதையானாலும் சரி, அதில் எந்தக் கணத்தை வரைவது என்பதைச் சொன்னவர் முடிவு செய்யட்டும்.

படி 5: தாளிலிருந்து சுவருக்கு

தாளில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. புரொஜெக்டர் கடன் வாங்கலாம் என்பார்கள், வாங்காதீர்கள். இருட்டிய பிறகுதான் வேலை செய்ய முடியும், பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். கட்டம் போடுவதே நல்லது.

நாங்கள் நீலப்பொடி தடவிய நூலால் கோடு அடிக்கத் தொடங்கியபோது, பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா, "கோடு எதுக்கு, புள்ளி வச்சாப் பத்தாதா?" என்றார். மார்கழி முழுக்க வாசலில் 21 புள்ளிக் கோலம் போடுகிறவர். அடிக்கு ஒரு புள்ளி, 40 அடி நீளத்துக்கு 41, 6 அடி உயரத்துக்கு 7, மொத்தம் 287 புள்ளி. நனைத்த சாக்பீஸால் இரண்டு அப்பத்தாக்கள் ஒரே காலையில் வைத்து முடித்தார்கள். கோட்டை அழிக்கிற வேலையும் மிச்சம்.

படி 6: பெயின்ட்

என் முதல் சுவர் கார்த்திகை மழையில் பொருக்குப் பொருக்காக உரிந்து விழுந்தது. காரணம், பழைய சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் அடித்தது. உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் சுரண்டியே ஆகவேண்டும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கழுவி, காயவிட்டு, அப்புறம் வெளிச்சுவர் பிரைமர். ஓதம் (சுவருக்குள் ஈரம்) இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம்.

எங்கள் 240 சதுர அடிக்கு, இரண்டு கோட் அடிக்க வெள்ளை எமல்ஷன் 5 லிட்டர் ஆனது. நிறங்களுக்குத் தனி டப்பா வாங்காதீர்கள். வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் கொடுக்கும் கலவை) கலந்தால் போதும். சிவப்புக்குக் காவியை நம்புங்கள், வெயிலில் வெளுக்காது. எனாமல் வேண்டாம், ஈரச் சுவரில் கொப்புளிக்கும், வெயிலில் கண் கூசும். மே மாதம் என்றால் காலை பத்துக்குள், மாலை நாலுக்கு மேல்தான் வேலை.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் எழுதியதைப் பார்த்துச் சேர்த்தவை இரண்டு.

ஓர் ஊரில் பெண்ணின் சேலைக்கரை கட்சிக் கொடி நிறத்தில் அமைந்து சண்டையாகிவிட்டதாம். உங்கள் பக்கத்துக் கொடி நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை சொன்னவர் இடையில் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கமலை ஐயா சித்திரையில் போய்விட்டார். குடும்பத்தார் அவர் முகத்தை வரையச் சொன்னார்கள். ஒருவர் முகத்தை வரைந்தால் எல்லார் முகமும் கேட்பார்கள் என்று தயங்கினோம். கடைசியில் அவருடைய பச்சைக்கரைத் துண்டை, கிணற்றுத் தூணில் தொங்குகிற மாதிரி வரைந்தோம். அவர்கள் வீட்டில் அது போதும் என்றார்கள்.

சுவரின் கிழக்கு ஓரத்தில் 4 அடியை வெள்ளையாக விட்டுவைத்திருக்கிறோம். 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவரின் மகள் வடக்குத் தெருவில் இருக்கிறார். இன்னும் அவர் எதுவும் சொல்லவில்லை. கமலை வரைந்த அதே பையன் சாயங்காலம் தோறும் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.