குடிக்கிறவர் வீட்டுப் பெண்களுக்கு: ஆலோசகர் நடத்தும் ஆதரவுக் குழுவைக் கண்டுபிடிக்கும் வழி

இரண்டு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஊத்துக்குளியில் பாசஞ்சர் ஏறிக் கோவைக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவு மாடியில் பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுகிறோம். சிலருக்கு வீட்டுக்காரர் குடிக்கிறார், சிலருக்கு மகன். ஆலோசகர் ஒருவர் கூடவே இருந்து நடத்துகிறார். அந்த அறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அடுத்து தேடுகிறவருக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேடும் முன்பு

வீட்டில் அடி விழுகிறது, உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் குழு தேட வேண்டிய நேரம் அதுவல்ல. அவசரத்துக்கு 112. பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அவர்கள் வழியாக உங்கள் மாவட்டத்துச் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போகலாம். மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தேவைப்பட்டால் ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம். பெண் குழந்தைகளையும் சின்னப் பையன்களையும் கூட்டிப் போகலாம். குழுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: சரியான சொல்லைப் பிடியுங்கள்

எனக்கு இரண்டு மாதம் இங்கேயே போனது. நம் பக்கம் "குழு" என்று சொன்னால் எல்லார் மனதிலும் வருவது கடன்தான். மகளிர் சுய உதவிக் குழு, வாரக் குழு, மாதக் குழு. ஒரு தொண்டு நிறுவன வாசலில் போய், "பொம்பளைங்களுக்குக் குழு நடத்தறீங்களாங்க?" என்று கேட்டேன். "நடத்தறோமுங்கம்மிணி, ஆதார் கார்டு கொண்டாந்தீங்களா? எத்தனை பேர் சேர்ந்திருக்கீங்க?" என்றார் அங்கிருந்த அக்கா. அவர் மேல் தப்பில்லை. நான் கேட்ட சொல்லுக்கு அதுதான் பொருள்.

சரி, "கவுன்சிலர் நடத்துற குழு" என்று மாற்றிக் கேட்டேன். வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு வழி சொன்னார்கள். வெறும் "கவுன்சிலிங்" என்றால் பையனுக்கு எஞ்சினியரிங் கவுன்சிலிங்கா என்றார்கள். ஒவ்வொரு முறையும் "இல்லைங்க, எங்க வீட்டுக்காரருக்குக் குடிப் பழக்கம்" என்று வாசலில் நின்று விளக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லக் கூசித்தான் பல நாள் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன்.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லித் தரும் வாக்கியம் இது: "குடிநோயாளிகளோட வீட்டுப் பெண்களுக்குத் தனியா குரூப் கவுன்சிலிங் இருக்குங்களா? யார் நடத்தறாங்க?" அரசு அலுவலகத்தில் பேசும்போது "ஆற்றுப்படுத்துநர்" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். அரசுக் காகிதத்தில் ஆலோசகருக்கு அதுதான் பெயர். மருத்துவமனையில் "மருத்துவ சமூகப் பணியாளர் யாருங்க?" என்று கேளுங்கள். எந்தப் பிரிவில் எந்தக் கிழமை எந்தக் கூட்டம் என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

படி 2: யாரிடம் கேட்பது

நான் போன வரிசை தவறு. போக வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் 14416. இதுதான் டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண். நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தொடங்கினார்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அன்றைக்கு உங்கள் மனம் எப்படி இருக்கிறதோ அதையும் பேசுங்கள், பக்கத்தில் எங்கே போகலாம் என்றும் கேளுங்கள். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446 இருக்கிறது. மறுவாழ்வு மையங்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

அடுத்து அரசு மருத்துவமனை. கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் என்று நம் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நேரிலேயே போங்கள். காலையில் புற நோயாளிகள் சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தாலுகா மருத்துவமனையில் "மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்னிக்கு வருவாரு?" என்று கேட்டு அந்த நாளில் போங்கள்.

தனியார் மறுவாழ்வு மையங்களை மூன்றாவதாக வைக்கிறேன். நல்லவையும் உண்டு. ஆனால் போன் செய்ததும் "அவரை எப்போ கூட்டிட்டு வர்றீங்க?" என்று மட்டும் கேட்கிற இடத்தில் உங்களுக்கு என்று எதுவும் இருக்காது என்பது என் அனுபவம்.

கூகுளில் தேடுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எனக்கு வந்ததெல்லாம் யோகா வகுப்பும் கடன் விளம்பரமும்தான். நேரில் கேட்டு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

படி 3: போகும் முன் போனில் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மீதி ஐந்து மாதம் எனக்கு இதில்தான் கழிந்தது.

முதல் கேள்வி: "இந்தக் கூட்டம் அவரைப் பத்தியா, என்னைப் பத்தியா?"

நான் முதலில் போன இடத்தில் நடந்தது குடும்பக் கூட்டம். நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, எத்தனை நாளாகக் குடிக்கவில்லை, வேலைக்குப் போகிறாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அதுவும் தேவைதான். ஆனால் ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டதும் எனக்கு ஏன் வயிறு பிசைகிறது, சம்பளப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து ஒளித்து வைத்து நான் எப்படி ஆகிப்போனேன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், "பொம்பளைங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். ஆறு வருடமாக அனுசரித்து வந்தவள்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அதன் பிறகு இரண்டு மாதம் எங்கேயும் தேடவில்லை.

குடும்பக் கூட்டம் வேறு, பெண்களுக்கான ஆதரவுக் குழு வேறு. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் தொடர்ந்து வரலாம் என்று சொல்கிறார்களா என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் அது உங்களுக்கான குழு.

இரண்டாவது கேள்வி: "நடத்தறவங்க என்ன படிச்சிருக்காங்க?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவம் மற்றும் மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை), அல்லது உளவியலில் முதுகலை படித்து, குடிநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவராக இருந்தால் நல்லது. "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று சொல்லிக்கொள்பவரிடம் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தவராக இருந்தால் தயங்காமல் சொல்வார்.

படிப்பை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எனக்கு நடந்ததால்தான். "கணவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரம் பார்த்து ஒரு பொடி வாங்கிச் சமையலறையில் வைத்திருந்தேன். குழம்பில் கலக்கத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கூட்டத்தில் அதைச் சொன்னேன். ஆலோசகர் அன்றைய பேச்சையே நிறுத்திவிட்டு விளக்கினார். இப்படிப்பட்ட சில பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, நெஞ்சு படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்கிற மருந்து அது. நான் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னார். பல வருடம் தினமும் குடித்தவரைச் சாளையில் (குடிசையில்) அடைத்துப் பூட்டி, ஒரே நாளில் நிறுத்த வைக்கக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்று நான்கு நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். அதனால் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். விவரம் தெரியாதவர் நடத்துகிற கூட்டத்தில் இருந்திருந்தால், "நல்லா அடைச்சு வைங்க, தன்னால சரியாயிரும்" என்றுதான் எங்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொல்லியிருப்போம்.

இங்கே அல்‑அனானைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே ஆலோசகர் கிடையாது. அனுபவப்பட்டவர்களே நடத்துவார்கள், பெயர் வெளியே வராது, கட்டணமும் இல்லை. எனக்கு அதன் மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் முதன்முதலாக வெளியே வருகிற, வீட்டில் பயத்தோடு இருக்கிற பெண்ணுக்கு ஆலோசகர் இருக்கும் குழுவே முதலில் நல்லது என்பேன். கொஞ்சம் காலூன்றிய பிறகு இரண்டுக்கும் போகலாம்.

மூன்றாவது கேள்வி: "பேசினது வெளிய போகாதுங்களே?" நம் ஊரில் இரண்டு பெண்கள் பழமை பேச உட்கார்ந்தால் முதல் கேள்வியே, "நீங்க எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்பதுதான். நாலு பேச்சில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் ஆலோசகர் முதல் நாளே அந்தக் கேள்விக்குத் தடை போட்டார். பெயர் போதும், வேண்டுமானால் வேறு பெயர் சொல்லலாம் என்றார். எதையெல்லாம் ரகசியமாக வைக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தந்தாக வேண்டும். இப்படி எல்லையைச் சொல்லி ஆரம்பிப்பவரை நம்பலாம். "எல்லாம் ரகசியம்தான், பேசுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன இன்னோர் இடத்தில் நான் சொன்னது மூன்று வாரத்தில் என் நங்கையா (அண்ணி முறை) காதுக்கு வந்தது.

எத்தனை பேர், என்ன கிழமை, எவ்வளவு கட்டணம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருந்தால் எல்லாருக்கும் பேச வாய்ப்பு கிடைக்கும்.

படி 4: போனும் நோட்டும்

எண்களைக் கையெழுத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். போனை வீட்டில் நாலு பேர் எடுப்பார்கள். நான் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் ஆலோசகர் தேதி மாறினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்கிறார். கூகுள் மீட்டில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. நான் இரண்டு முறை முயன்றேன். மாமியார் பக்கத்து அறையில் இருக்கும்போது வாய் திறக்க முடியவில்லை. வேலை இடத்திலோ தோட்டத்திலோ தனியாக ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்களுக்கு அது ஒத்து வரலாம். என்னைக் கேட்டால் நேரில் போவதுதான்.

படி 5: முதல் நாள்

அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து நமக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். முதல் நாள் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நான் பெயரை மட்டும் சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவர் பேசப் பேச, இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை என்பது தெரிந்தது. அது தெரிந்ததே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று கூட்டம் வரை போய்ப் பாருங்கள். மூன்றாவதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரிடம் சொல்லிவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

பிறகு சேர்த்தது

தாராபுரத்திலிருந்து ஒரு சகோதரி, வேலை நாளில் கம்பெனியில் லீவு கிடைக்காது, வீட்டிலும் காரணம் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். ஞாயிறு, சனி மதியம் நடத்துகிற இடங்களை முதலில் விசாரியுங்கள். வீட்டில் என்ன சொல்வது என்பதைப் போனிலேயே ஆலோசகரிடம் கேளுங்கள். "மருத்துவமனைக்குப் போறேன்" என்றால் பொய்யில்லை. நான் முதல் மூன்று மாதம் அப்படித்தான் சொன்னேன்.

இன்னொரு சேர்க்கை

கொடுமுடிப் பக்கத்து அம்மா ஒருவர், "நீங்க சொன்ன எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன். தனியாத்தான் பார்ப்போம், குழு இல்லைங்கறாங்க" என்றார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழு இல்லாத இடங்களே நம் பக்கம் அதிகம். அப்படியானால் தனி ஆலோசனைக்கு முதலில் சேர்ந்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை போன பிறகு அதே ஆலோசகரிடம், "என்னை மாதிரி வர்றவங்க நாலைஞ்சு பேர் இருந்தா ஒண்ணா உட்கார வைப்பீங்களாங்க?" என்று கேளுங்கள். மற்றவர்கள் யார் என்று அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் அவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க அவரால் முடியும். நான் போகிற குழுவும் ஒரு பெண் இப்படிக் கேட்டதால் நான்கு பேரோடு தொடங்கியது என்று எங்கள் ஆலோசகர் சொன்னார். அந்த அம்மா போன வாரம் மறுபடி அழைத்தார். கேட்டுவிட்டாராம். வைகாசி முதல் வாரத்தில் மூன்று பேரோடு உட்காரப் போகிறார்கள்.