ரிசல்ட்டுக்கு முன்பே முடிவாகிவிடுபவை: சிக்ஸ்த் போர்ம் பிள்ளைகளின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரம் எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தில் இசட் ஸ்கோருக்காகக் காத்திருந்தவர்களும், ப்ளஸ் டூ எழுதிவிட்டுத் தமிழ்நாட்டில் கட்-ஆஃப் பார்த்தவர்களும் ஒரே வரிசைக்குப் பழகியவர்கள். முதலில் பரீட்சை, பிறகு ரிசல்ட், அதற்கப்புறம்தான் எந்தக் கோர்ஸ், எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி. இங்கிலாந்தில் இந்த வரிசை தலைகீழ். சிக்ஸ்த் போர்ம் என்பது இங்கே பள்ளியின் கடைசி இரண்டு வருடம், 12ஆம் 13ஆம் ஆண்டுகள். 13ஆம் ஆண்டு தொடங்கி ஒரு சில மாதங்களுக்குள் பிள்ளை யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் எழுதாத பரீட்சைக்கு ஆசிரியர்கள் கணித்துச் சொல்லும் கிரேடை வைத்துத்தான், "இந்தக் கிரேடு எடுத்தால் இடம் உண்டு" என்று பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. உண்மையான ரிசல்ட் ஆகஸ்ட் நடுவில், எல்லாவற்றுக்கும் கடைசியாக வருகிறது.

இங்கிருக்கும் நம் பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைக் கவனிக்காததால் வருபவை. பிள்ளையின் படிப்பில் நமக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அக்கறை வந்து சேரும் மாதம்தான் பிழைக்கிறது.

12ஆம் ஆண்டை ஓய்வாக நினைப்பது

"ஜிசிஎஸ்இ முடிஞ்சுது, பாவம் பிள்ளை, ஒரு வருசம் மூச்சு விடட்டும்." 11ஆம் ஆண்டின் அந்தப் பொதுப் பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இங்கிலாந்தில் ஏ லெவல் முறை 2015இலிருந்து படிப்படியாக மாறிவிட்டதால், 12ஆம் ஆண்டு முடிவில் கணக்கில் சேரும் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. எல்லாம் 13ஆம் ஆண்டின் கடைசியில்தான். அதனால் இடையில் ஒரு வருடம் சும்மா கிடைத்ததுபோலத் தோன்றும்.

ஆனால் 12ஆம் ஆண்டின் கோடையில் பள்ளி வைக்கும் உள்பரீட்சை இருக்கிறதே, பெரும்பாலான பள்ளிகளில் கணிப்பு கிரேடு அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. அங்கே 'சி' வாங்கிய பிள்ளைக்கு 'ஏ' போட்டுத் தரும்படி செப்டெம்பரில் போய் ஆசிரியரிடம் கெஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த நேரத்தில் ஆசிரியருக்கும் கையில் ஆதாரம் வேண்டும். 12ஆம் ஆண்டின் முதல் பெற்றோர் சந்திப்பிலேயே, "கணிப்பு கிரேடை எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி வீட்டில் அந்த வருடத்தின் போக்கையே மாற்றும்.

கெஞ்சியோ சண்டை பிடித்தோ கிரேடைக் கூட்டி வாங்குவதால் நன்மையும் இல்லை. கணிப்பு கிரேடை ஆகஸ்டில் எட்டாத பிள்ளைகள்தான் ஏற்கனவே அதிகம். உயர்த்தி வாங்கிய கிரேடை நம்பி யூகாஸில் போடும் ஐந்து தெரிவுகளையும் உச்சத்தில் வைத்தால், ரிசல்ட் நாளன்று நிற்க இடமிருக்காது.

பாடத்தெரிவு: கதவு பூட்டும் சத்தம் கேட்காது

கெமிஸ்ட்ரி, பயோலஜி, மெட்ஸ் என்ற மூன்றையும் யோசிக்காமலே எழுதிக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். ஜிசிஎஸ்இ கெமிஸ்ட்ரியில் தட்டுத் தடுமாறி 6 (உச்சம் 9) எடுத்த பிள்ளைக்கு ஏ லெவல் கெமிஸ்ட்ரி வேறொரு உலகம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கெமிஸ்ட்ரியையும், அத்துடன் பயோலஜி அல்லது இன்னொரு விஞ்ஞானப் பாடத்தையும் கேட்கும். மூன்றாவது பாடம் மெட்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு. மெட்ஸ் கஷ்டம் என்று விட்டுவிட்டு, பிறகு எகனாமிக்ஸ் படிக்க ஆசைப்படுவது. கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, வார்விக் போன்ற இடங்களில் ஏ லெவல் மெட்ஸ் இல்லாமல் எகனாமிக்ஸுக்குள் நுழைய முடியாது. இன்ஜினியரிங்குக்கு மெட்ஸ் கட்டாயம், பல இடங்களில் ஃபிசிக்ஸும் வேண்டும். சட்டம் படிக்க மட்டும் குறிப்பிட்ட பாடம் எதுவும் தேவையில்லை. பாடங்களை எடுக்கும் முன் பிள்ளைக்குப் பிடித்த நான்கைந்து கோர்ஸ்களின் நுழைவுத் தகுதிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தால் இதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும்.

நான்கு பாடம் எடுத்தால் கூடுதல் மதிப்பு என்பதும் ஊர் நினைப்பு. பல்கலைக்கழகங்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கிரேடுதான். கணிதத்துக்குப் போகும் பிள்ளை ஃபர்தர் மெட்ஸை நான்காவதாக எடுப்பது வேறு விஷயம். மற்றபடி மூன்றில் நல்ல கிரேடு, நான்கில் சுமாரான கிரேடை விட மேல். எடுத்த பாடம் ஒத்துவரவில்லை என்றால் செப்டெம்பரின் முதல் சில வாரங்களில் மாற்ற முடியும். "கொஞ்சம் பொறு, பழகிடும்" என்று சொல்லிச் சொல்லியே அந்த வாரங்களைப் போக்கிவிடாதீர்கள்.

மெடிசின்

இதைப் பற்றி விரிவாகத்தான் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகக் கண்ணீர் இங்கேதான்.

முதலாவது, கால அட்டவணை. மெடிசின், டென்டிஸ்ட்ரி, கால்நடை மருத்துவம், அத்துடன் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜின் எல்லாக் கோர்ஸ்களுக்கும் கடைசி நாள் ஒக்டோபர் 15. மற்றவற்றுக்குத்தான் ஜனவரி. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் யூகேட் பரீட்சை அதற்கும் முன்னால், ஜூலைக்கும் செப்டெம்பர் இறுதிக்கும் இடையில் முடிந்துவிடும். அதற்குப் பள்ளி பதிந்து தராது, பிள்ளையே பதிய வேண்டும். அந்தப் புள்ளி அந்த வருட விண்ணப்பத்துக்கு மட்டுமே செல்லும். அடுத்த வருடம் மறுபடி போட்டால் மறுபடி எழுத வேண்டும். "ஏ லெவல் நல்லாச் செய்யட்டும், அப்புறம் பார்ப்பம்" என்று இருந்த குடும்பத்துக்கு அந்த வருடம் மெடிசின் முடிந்துபோன கதை.

இரண்டாவது, ஐந்தாவது தெரிவு. யூகாஸில் ஐந்து இடங்கள் போடலாம், அதில் மெடிசினுக்கு நான்குதான். மிஞ்சும் ஒன்றில் பல வீடுகளில் பயோமெடிக்கல் சயன்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள், "மெடிசின் கிடைக்காட்டி இதைச் செய்து பிறகு மாறலாம்" என்ற நம்பிக்கையில். பட்டம் முடித்தவர்களுக்கான நான்கு வருட மருத்துவப் படிப்பு இருப்பது உண்மை. ஆனால் அங்கே போட்டி மிகக் கடுமை. பிள்ளை அந்த ஐந்தாவது கோர்ஸை மூன்று வருடம் உண்மையாகவே படிக்க வேண்டிவரலாம் என்று எண்ணித்தான் தெரிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்டாக வேலை செய்ய, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்சிபிசி என்ற அமைப்பின் பதிவு வேண்டும். அதற்கு அந்தத் துறையின் தொழில்சார் அமைப்பான ஐபிஎம்எஸ் அங்கீகரித்த பட்டம் நேர்வழி. ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கோர்ஸ்களுக்கும் அந்த அங்கீகாரம் இல்லை. விண்ணப்பிக்கும் முன் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளைக்கு நோயாளியோடு பேசுவதில் விருப்பம் இருக்கிறதா? மருத்துவ நேர்முகம் பல இடங்களில் அடுத்தடுத்துச் சிறு சிறு உரையாடல்களாக நடக்கும். அங்கே பெற்றோர் சொல்லிக் கொடுத்த பதில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிசியோதெரபி, ரேடியோகிராபி போன்றவற்றை "டொக்டராக முடியாதவர்களுக்கு" என்று ஒதுக்குகிறோம். இங்கிலாந்தில் அந்தப் படிப்புகளுக்குத் தகுதியுள்ள மாணவர்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது 5,000 பவுண்ட் என்எச்எஸ் உதவித்தொகை உண்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல வேலை, மதிப்பான வேலை. விரும்பிப் போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

பெயரைப் பார்த்து கோர்ஸைத் தெரிவு செய்வது

ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து, கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று பெயர் போட்ட இரண்டு கோர்ஸ்களின் பாடப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். ஒன்றின் முதல் வருடத்தில் டிஸ்கிரீட் மெத்தமெட்டிக்ஸ், லீனியர் அல்ஜீப்ரா, லொஜிக் என்று கணிதம் நிரம்பியிருக்கும். மற்றதில் வெப் டெவலப்மென்ட், டேட்டாபேஸ், குழுவாகச் செய்யும் புரொஜெக்ட். ஒன்றில் நடுவில் ஒரு வருடம் கம்பனியில் சம்பளத்தோடு வேலை. மற்றதில் அது இல்லை. ஒன்றில் மதிப்பெண்ணில் பெரும்பகுதி பரீட்சைக்கு, மற்றதில் கோர்ஸ்வேர்க்குக்கு. மகன் எந்தப் பட்டியலைப் படிக்கும்போது கேள்வி கேட்கிறான், எந்த இடத்தில் ஃபோனை எடுக்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். தரவரிசையில் பத்து இடம் மேலே கீழே இருப்பதை விட இது அதிகம் சொல்லும். டிஸ்கவர் யூனி என்ற அரசு சார்ந்த தளத்தில், ஒவ்வொரு கோர்ஸையும் முடித்தவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்ற விவரமும் இருக்கிறது.

டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பையும் இந்தப் பேச்சில் சேருங்கள். சம்பளத்தோடு வேலை, கட்டணம் இல்லாமல் பட்டம். ஆனால் விண்ணப்பம் நேரே கம்பனிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு கடைசி நாள்.

யூகாஸ் விண்ணப்பத்தில் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டைக் காசு கொடுத்து எழுதுவிப்பதையும், மாமாவின் மகள் போன வருடம் எழுதியதைத் திருத்திப் போடுவதையும் மறந்துவிடுங்கள். யூகாஸ் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. 2026இல் சேர்பவர்களிலிருந்து ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துகள் வரை. பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றி எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். பட்டியல் போடுவதாக இல்லாமல், அந்தப் பயிற்சி பிள்ளை படிக்கப்போகும் படிப்புக்கு என்ன கொடுத்தது என்று பிள்ளையே சொல்வதாக இருக்க வேண்டும்.

காசு

2025-26இல் இங்கிலாந்து மாணவருக்கான கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட் வரை. இந்தத் தொகையைக் கேட்டதும் சிலர் வீட்டை ரீமோர்ட்கேஜ் பண்ணியாவது கையிலிருந்து கட்டப் பார்க்கிறார்கள். கடன் என்றால் நமக்குப் பயம், அது விளங்குகிறது. ஆனால் கட்டணத்துக்கு அரசு தரும் மாணவர் கடன் வங்கிக் கடன்போல நடப்பதில்லை. ஆகஸ்ட் 2023க்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர்கள், வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் மட்டும் 9 வீதம் கட்டுவார்கள். 30,000 சம்பளமென்றால் வருடத்துக்கு 450 பவுண்ட், மாதம் 37.50. வேலை இல்லையென்றால் கட்டத் தேவையில்லை. 40 வருடத்தில் மீதி ரத்தாகும். பெற்றோர் தலையில் அது விழாது.

வாழ்க்கைச் செலவுக்கான கடன்தான் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. பெற்றோர் தங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் வருமான விவரத்தையும் கொடுத்தால்தான் உரிய தொகை வரும். "எங்கட சம்பளத்தை ஏன் கேக்கினம்?" என்று இழுத்தடித்தால் பிள்ளைக்குக் கிடைப்பது ஆகக் குறைந்த தொகை. இடம் உறுதியாகும்வரை காத்திருக்காமல் முன்பே விண்ணப்பிக்கலாம்.

அண்மையில் வேலை விசாவில் வந்த குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமையும் கோர்ஸ் தொடங்கும் முன் மூன்று வருட வதிவும் இல்லாத பிள்ளைகளுக்குப் பொதுவாக இந்தக் கடன் கிடையாது, கட்டணமும் சர்வதேச மாணவருக்கானது, அதாவது இரண்டு மூன்று மடங்கு. சில விதிவிலக்குகள் உண்டு. இதை 12ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களிடம் எழுதிக் கேளுங்கள். இடம் கிடைத்தபிறகு தெரியவரும் குடும்பங்களின் நிலை மிகக் கொடுமை.

வீட்டிலிருந்து போய்வரக்கூடிய யூனிதான் வேண்டும் என்பது செலவுக் கணக்காக இருந்தால் நியாயம். லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாமிலிருந்து மேற்கு ஓரத்து அக்ஸ்பிரிட்ஜுக்குத் தினமும் போய்வரும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மகனுக்கு மான்செஸ்டர், மகளுக்கு மட்டும் வீடு என்றால் அது செலவுக் கணக்கு இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

ரிசல்ட் நாள்

பல்கலைக்கழகங்கள் தர முன்வந்த இடங்களில் ஒன்றை முதல் தெரிவாகவும், அது தவறினால் கைகொடுக்க ஒன்றை இன்சூரன்ஸாகவும் வைத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் குறைந்த கிரேடு கேட்பதாக இருக்க வேண்டும். இரண்டுமே மூன்று 'ஏ' கேட்டால் இன்சூரன்ஸ் வைத்து என்ன பயன்?

அன்று காலை கிரேடு குறைந்து, கிளியரிங்கில், அதாவது நிரம்பாத இடங்களை ரிசல்ட்டுக்குப் பிறகு நிரப்பும் முறையில், இடம் தேட வேண்டிவந்தால், பேச வேண்டியவர் பிள்ளைதான். அப்பா ஃபோனைப் பிடித்துக்கொண்டு "நான் அவவின்ர தகப்பன்" என்று தொடங்குவார். அந்தப் பக்கத்தில் இருப்பவர் மரியாதையாக, மாணவியிடம் கொடுக்கச் சொல்வார். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கையில் அந்த ஃபோன் போகும். அதற்குப் பதிலாக முதல் நாளே யூகாஸ் எண், கேட்க விரும்பும் இரண்டு மூன்று கோர்ஸ்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து, காலையில் கிரேடுகளையும் அதில் சேர்த்துக்கொண்டு, நீங்கள் பக்கத்தில் தேநீரோடு இருந்தால் போதும். வேறு இடம் வாய்மொழியாகக் கிடைக்காமல், கையிலிருக்கும் இடத்தை விடுவிக்கும் பொத்தானை மட்டும் அமுக்க விடாதீர்கள். விடைத்தாள் மறுபார்வை வேண்டுமென்றால் அது பள்ளி மூலம்தான் போகும், அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

ரிசல்ட் வருவது ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை. நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நாட்களைச் சுற்றித்தான் வரும். பள்ளி விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் போடும் வீடுகள் பல. இங்கிலாந்து சிம் வேலை செய்யாமல், நேர வித்தியாசத்தோடு, கோயில் சத்தத்துக்கு நடுவில் கிளியரிங் அழைப்பு எடுக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அந்த வருடம் மட்டும் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்குப் போடுங்கள்.