திங்கட்கிழமை காலி மிஷின்கள்: ஒரு லைன் இன்சார்ஜின் குறிப்புகள்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு பனியன் கம்பெனித் தையல் லைனில் எத்தனை மிஷின் காலி என்று எண்ணுங்கள். நான்கு வாரம் விடாமல் எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆட்களின் மனதில் என்ன ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கை நான் பார்த்ததில்லை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். போக முடிவெடுத்தவர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார், சொல்லிவிட்டெல்லாம் போகமாட்டார்.

நான் ஒன்பது வருடம் பேட்லாக் என்ற தையல் மிஷின் அடித்தவள் (தைப்பதை நாங்கள் அடிப்பது என்போம்). அப்புறம்தான் லைன் இன்சார்ஜ். நடுவில் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படித்தேன். பரீட்சையில், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தை வரைந்து மார்க் வாங்கினேன். அவர் 1943-இல் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. ஆட்கள் விட்டுப் போகாமல் மனதோடு வேலை செய்ய, லைனில் எனக்குக் கைகொடுத்தது வேறு சிலருடைய யோசனைகள்.

முதல் வேலை, எரிச்சலை எடுப்பது. ஹெர்ஸ்பெர்க் என்பவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினியர்கள், கணக்கர்களிடம் பேசி 1959-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, வேலையிடத்தின் நிலை, இவை கெட்டால் வெறுப்பு வரும். சரியாக இருந்தால் வெறுப்பு இருக்காது, அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது பாராட்டிலும் பொறுப்பிலும் என்றார்கள். மாதச் சம்பள இன்ஜினியர் சொன்னதை வாரச் சம்பள டைலருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது என் கருத்து. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் அவர்கள் சொன்னது சரி. ஒரு கம்பெனியில் பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் மூன்று வாரமாக உடைந்து கிடந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு மிஷின் நிற்கும். ஆபீஸில் அதை “டைலர்கள் சீட்டில் உட்காருவதில்லை” என்று எழுதினார்கள். தாழ்ப்பாள் விலை அறுபது ரூபாய்.

அடுத்து, பக்கத்து சீட்டுக் கணக்கு. நான் போடும் உழைப்பு எவ்வளவு, வாங்கும் கூலி எவ்வளவு என்பதை மனிதர் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரோடு வைத்துத்தான் பார்ப்பார் என்று ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1960-களில் எழுதினார். அதே கம்பெனியில் புதிதாக வந்த ஓவர்லாக் டைலருக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். டீ நேரத்தில் விஷயம் பழைய டைலர் காதுக்குப் போய்விட்டது. அவர் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து சொன்ன பண்டலை (தைக்கக் கொடுத்த துணிக் கட்டை) முடித்துவிட்டு மிஷினை அணைத்துவிடுவார். “ஏனுங்க்கா, எட்டு வருசமா ஒரே எடத்துல இருந்தது என் தப்பா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதானால் யாருக்கு, எத்தனை மாத வேலைக்கு எவ்வளவு என்று போர்டில் எழுதிப் போடுங்கள்.

இனி, ஆட்கள் அதிகம் விட்டுப் போகிற நேரம்: ஸ்டைல், அதாவது தைக்கிற டிசைன், மாறும்போது. இதற்கு நம் தொழிலிலிருந்தே ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனி. அங்கும் நம்மைப் போலவே பீஸ் ரேட்தான், ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே நடந்ததை 1948-இல் கோச், பிரெஞ்ச் என்ற இருவர் எழுதினார்கள். அயர்ன் செய்பவர்கள் அதுவரை துணியை அட்டை மேல் அரை டஜனாக அடுக்கி வந்தார்கள். இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் இவ்வளவுதான். ஒரு குழுவைக் கூப்பிட்டு “இதுதான் புது முறை, இதுதான் புது ரேட்” என்று அறிவித்தார்கள். 40 நாளில் 17 சதவீதம் பேர் போய்விட்டார்கள், உற்பத்தியும் ஏறவில்லை. வேறு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, ஏன் மாற்றம் என்று சொல்லி, முறையையும் ரேட்டையும் அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்தார்கள். யாரும் போகவில்லை, உற்பத்தி பழைய அளவைத் தாண்டி 14 சதவீதம் ஏறியது. முதல் குழுவில் மீந்தவர்களையே இரண்டரை மாதம் கழித்து இந்த வழியில் வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள், இந்தத் தடவை நன்றாக வேலை செய்தார்கள்.

நான் செய்வது இது. புது ஸ்டைல் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்கால டீக்குச் சாம்பிள் பீஸோடு லைனுக்குப் போவேன். டைலருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்கள் உட்பட எல்லோரும் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்து பீஸ் அடித்துப் பார்ப்போம்; ஸ்டாப்வாட்ச் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேசை மேல் இருக்கும். ரேட் அதற்குப் பிறகுதான். ஒருமுறை கழுத்துக்கு டேப் வைக்கிற ஸ்டைல் வந்தது. டேப் ரோலைக் காலடியில் வைக்காமல் மேலே கம்பியில் தொங்கவிட்டால் முறுக்காமல் வரும் என்று ஒரு அக்கா சொன்னார். எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரேட்டை ஆபீஸில் முடிவு செய்துவிட்டு வந்து அபிப்பிராயம் கேட்பது. அதற்குப் பேசாமல் அறிவித்துவிடலாம்.

“சீக்கிரம் ஆகட்டும்” என்று கத்துவதை நிறுத்துங்கள், ஒரு எண்ணைச் சொல்லுங்கள். ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிக்காரர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம்தான் ஏற்றி வந்தார்கள். 94 சதவீதம் என்று ஒரு எண்ணைச் சொன்னதும், கூடுதல் காசு இல்லாமலே, அதை ஒட்டிப் போனார்கள். லேதம் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1970-களில் செய்த ஆராய்ச்சி இது. நானும் எண்ணாகத்தான் சொல்வேன்: “பதினொரு மணி டீக்கு முன்னால் 120 பீஸ்.” புது ஸ்டைலின் முதல் இரண்டு நாள் மட்டும் எண் சொல்லமாட்டேன், கை பழகட்டும்.

கடைசியாகப் பரிசு விஷயம். லன்ச் நேரத்தில் கைமடிக்கும் பெண்களுக்கு மிஷின் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்கள் லைனில் தானாகவே இருந்தது. ஒரு ஆளைத் தேற்றினால் 200 ரூபாய் என்று நிர்வாகம் அறிவித்தது. ஆறு மாதத்தில் காசை நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுப்பதும் நின்றது. 1971-இல் டெசி என்பவர் கல்லூரி மாணவர்களிடம் புதிர் விளையாட்டை வைத்து இதையேதான் கண்டார்: காசு வாங்கி விளையாடியவர்கள், காசு நின்றதும் முன்னளவுக்கு அதைத் தொடவில்லை. இப்போது புதுப் பெண் அடிக்கிற முதல் பண்டல் டிக்கெட்டில் சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன். காசு கிடையாது. போன வாரம் ஒரு அக்கா அந்த டிக்கெட்டைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். செக்கிங்கில் டிக்கெட் எங்கே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.