வீட்டில் மியூசிக் சர்வர்: காசைக் கொட்டிப் பாட்டைக் கோட்டை விடாதீர்கள்

வீட்டுப் பாட்டையெல்லாம் ஒரே கணினியில் சேர்த்து வைத்துக் கேட்க மியூசிக் சர்வர் வைக்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பெட்டி நல்லது?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். சர்வரின் வேலை மிகச் சின்னது. டிஸ்க்கில் இருக்கும் பாட்டை எடுத்து, ஒரு பிட்கூட மாறாமல் டாக் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். சிடியைவிட உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 9.2 மெகாபிட்தான் ஆகும். பழைய லேப்டாப்பும் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினியும் இதைச் சுலபமாகச் செய்யும். தவறெல்லாம் நடப்பது, உள்ளே எதைப் போடுகிறோம், வெளியே எப்படி எடுக்கிறோம் என்ற இரண்டு இடத்தில்.

எம்பி3 பாட்டை ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) மாற்றிவிட்டு, தரம் கூடிவிட்டதாக நம்புவதிலிருந்து தொடங்கலாம். எம்பி3 ஆக்கும்போது தூக்கி எறிந்த தகவல் திரும்பி வராது, ஃபைல்தான் பெருக்கும். கைமாறி வரும் பாடல் தொகுப்புகளில் இந்த ரகம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள்; பாட்டில் எந்த அலைவரிசை வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். 128 கிலோபிட் எம்பி3-யிலிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் படம் நின்றுவிடும். சாம்பிள் வேகம் 96 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டு, 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெறுமையாக இருந்தால், அது சிடியை ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஐம்பது, அறுபதுகளின் பாடல்களில் உயர் அலைவரிசை இயல்பாகவே குறைவு. அங்கே படம் படிப்படியாக மங்கும், சட்டென்று அறுபடாது. அதைப் போலி என்று அழித்துவிடாதீர்கள்.

அப்படியானால் சொந்த சிடிகளை ரிப் செய்வதே, அதாவது கணினியில் ஃபைலாக எடுப்பதே வழி. அங்கேதான் அவசரம் காரியத்தைக் கெடுக்கிறது. ஆடியோ சிடியில் டேட்டா சிடி அளவுக்குப் பிழைதிருத்தம் கிடையாது. கீறல் விழுந்த இடத்தில் டிரைவ் தானாக ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்விடும், உங்களிடம் சொல்லாது. சாதாரண மென்பொருளில் வேகமாக ரிப் செய்தால் அந்த ஊகமும் ஃப்ளாக்கில் நிரந்தரமாகிவிடும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளைப் பாதுகாப்பு முறையில் வைத்தால், சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பிறகு அக்யுரேட்ரிப் தளத்தில், அதே சிடியை மற்றவர்கள் ரிப் செய்த விவரத்தோடு ஒப்பிடும். தமிழ் சிடிகளில் நமக்குச் சிக்கல் இங்கேதான். அரிதான பழைய சினிமா சிடியோ கச்சேரி சிடியோ அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது "டெஸ்ட் அண்ட் காப்பி" முறையில் இரண்டு தடவை படிக்கச் செய்து, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்கள் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் வேறொரு டிரைவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிகிற சிடிகளை முதலில் ரிப் செய்துவிடுங்கள். அவை காத்திருக்காது.

ஃப்ளாக்கைவிட, சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் ஃபைலில் ஒலி நன்றாக இருக்கும் என்று சிலர் வேவிலேயே சேமிக்கிறார்கள். ஃப்ளாக் எந்த அழுத்த அளவில் இருந்தாலும் விரித்தால் அதே பிட்கள்தான் வரும். வேவில் டேக் (ஃபைலுக்குள் எழுதும் படம், பாடகர் போன்ற விவரம்) ஒழுங்காக நிற்காது, இடமும் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும்.

டேக் என்றதும் சலிப்பு வரும். ஆனால் தமிழ்ப் பாடல் நூலகம் பாழாவது பெரும்பாலும் இதில்தான். ஒரு படத்தில் ஐந்து பாட்டு இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று எஸ்.பி.பாலசுப்ரமணியம், ஒன்று எஸ்.ஜானகி, ஒன்று மலேசியா வாசுதேவன், மற்ற இரண்டும் டூயட். "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற இடத்தைக் காலியாக விட்டால், பல சர்வர்கள் இந்த ஒரே படத்தை ஐந்து ஆல்பமாக உடைத்துக் காட்டும். ஆயிரம் படம் சேர்ந்த பிறகு அதைச் சரிசெய்வது பெரிய வேலை. திரைப்படத்துக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்டாக இசையமைப்பாளரைப் போடுங்கள். பாடியவர்களை ஆர்ட்டிஸ்டில் கமாவால் ஒட்டாமல் தனித்தனியாகப் போடுங்கள். ஃப்ளாக்கில் ஒரே டேக்கைப் பல முறை எழுத இடம் உண்டு. இளையராஜா பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதினால் சர்வருக்கு மூன்று ஆள். ஃப்ளாக் டேக் யூனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம். எந்த எழுத்து என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டு, அதை மாற்றாதீர்கள்.

கர்நாடக இசைக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். இங்கே கம்போசர் தியாகராஜரோ தீட்சிதரோ, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பாடுபவர். ராகம், தாளம் என்று தனி டேக் போட்டு வைப்பது நல்லது. மினிம்சர்வர் போன்ற சர்வர் மென்பொருள்களில் நாம் உண்டாக்கிய டேக்கையும் பட்டியலில் சேர்க்க முடியும், அப்புறம் "கல்யாணி" என்று தொட்டால் வீட்டில் இருக்கும் கல்யாணியெல்லாம் வந்து நிற்கும். எனக்கு மியூசிக் சர்வரின் உண்மையான சுகமே இதுதான். எந்த ஸ்ட்ரீமிங் செயலியும் இப்படி என் தேவைக்கு அடுக்கித் தந்ததில்லை. தானாக டேக் போடும் மென்பொருளிடம் மொத்த நூலகத்தையும் ஒப்படைப்பது மட்டும் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு காலத்தில் வந்த படங்களை அது எளிதாகக் குழப்பிவிடும். ஆண்டைக் கையால் சரிபாருங்கள்.

டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதியும் சோதிக்க வேண்டியது. கச்சேரி சிடியில் கிருதியும் தனி ஆவர்த்தனமும் வெவ்வேறு டிராக்காக இருக்கும், கைதட்டல் நடுவே அறுபடக் கூடாது. வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி ஓட்டும் சில டிஎல்என்ஏ கருவிகளில் அங்கே அரை நொடி மௌனம் விழும். வாங்குவதற்கு முன்பே இப்படி ஒரு சிடியைப் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒலி அளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயினையும் ஆல்பம் முறையில் வையுங்கள். டிராக் முறையில் வைத்தால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வரும்.

இனி வெளியே எடுப்பது. விண்டோஸில் வழக்கமான அமைப்பில், எல்லாச் சத்தமும், அவற்றைக் கலக்கும் மிக்ஸர் வழியாகப் போகும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியை அது 48 ஆக மாற்றி அனுப்பியிருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. சிடி ரிப் ஒன்றை ஓடவிட்டு டாக்கின் திரையைப் பாருங்கள், 44.1 என்று இருக்க வேண்டும். வேறு எண் தெரிந்தால், மிக்ஸரைத் தாண்டிப் போகும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறைக்குப் பிளேயரில் மாறுங்கள். லினக்ஸில் ஆல்சா என்ற ஒலி அமைப்பு வழியாக டாக்கை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரை இருந்த ஹெட்போன் துளையை நம்பி ஆம்ப்பில் செருகாதீர்கள், அதன் ஒலித் தரம் சுமார்தான். யுஎஸ்பி டாக் ஒன்று அவசியம்.

டாக்கை நேராகப் பவர் ஆம்ப்பிலோ ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ (உள்ளேயே ஆம்ப் உள்ளது) இணைத்துவிட்டு, வால்யூமை மென்பொருளில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. சர்வர் ரீபூட் ஆகி வால்யூம் நூறுக்குப் போனால், ஸ்பீக்கரில் உயர் ஒலிக்கான ட்வீட்டர் போய்விடும். நடுவில் கையால் திருப்பும் வால்யூம் ஒன்று இருக்கட்டும்.

விலை உயர்ந்த நெட்வொர்க் கேபிள் வேண்டாம், சாதாரண கேட் 5இ போதும். சுவர் தாண்டி வைஃபை தடுமாறினால் அந்தச் சாதாரணக் கேபிளையே போட்டுவிடுங்கள். மிச்சமாகும் காசை அறைக்குச் செலவிடலாம். சீலிங் ஃபேன் சத்தமும் வெறும் டைல்ஸ் தரையும் பாட்டின் நுணுக்கத்தை மறைக்கிற அளவுக்கு எந்த மட்டமான டாக்கும் மறைக்காது. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள சர்வரைக் கேட்கும் அறையிலிருந்து வெளியேற்றி, ஆம்ப் பக்கத்தில் சத்தமில்லாத சின்னப் பிளேயரை மட்டும் வையுங்கள்.

ஒரே நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பும் பெட்டியை வாங்கும்முன் யோசியுங்கள். லாஜிடெக் 2012-இல் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பிளேயர்களின் தயாரிப்பை நிறுத்தியது, அதன் இணையச் சேவையையும் 2024-இல் மூடியது. ஆனாலும் அந்தக் கருவிகள் இன்றும் பாடுகின்றன. சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ் என்பதால், லிரியன் என்ற பெயரில் ஆர்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள்.

கடைசியாக மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். ராஸ்பெர்ரி பைக்கான பைகோர்பிளேயர் மென்பொருள் நினைவகத்திலேயே ஓடுவதால் பிளேயருக்கு அது ஏற்றது; டிஸ்க் உள்ள சர்வருக்கு யுபிஎஸ் போடுங்கள். ஒரே விவரத்தை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். கழற்றி வைக்கும் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். ஃப்ளாக் ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பொதுவாகப் பதிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து ஃப்ளாக் மென்பொருளின் டெஸ்ட் வசதியை ஓடவிட்டால், எந்தப் பாட்டு கெட்டிருக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். மற்றப் பிரதி நல்லபடி இருக்கும்போதே அதை மாற்றிவிடலாம்.