நவம்பர் பனியில பேக்கன்ட்ரி ஸ்கீயிங்: கொலராடோவுல சீசன் ஆரம்பத்துல போறவங்களுக்கு

பேக்கன்ட்ரி ஸ்கீயிங்னா லிஃப்ட் இல்லாத மலையில நாமளே ஏறி ஸ்கீ ஓட்டி இறங்குறது. அக்டோபர் கடைசியில டென்வர்ல நின்னு மேற்க பாத்தா மலை முழுக்க வெள்ளையா தெரியும், உடனே கை பரபரன்னு இருக்கும், கராஜ்ல கிடக்குற ஸ்கீய எடுத்து தூசி தட்டிடுவோம். ஆனா அந்த வெள்ளை பல இடத்துல வெறும் அரை அடி தான், அதுக்குக் கீழ கல்லு. நான் முதல் வருஷம் ஆசைப்பட்டுப் போயி மூணாவது டர்ன்லயே ஒரு பாறை மேல ஏத்தி, ஸ்கீயோட அடிப்பக்கம் உள்ள இருக்குற மரம் தெரியுற அளவுக்குக் கிழிஞ்சு போச்சு. வாங்கி ரெண்டு வாரம் கூட ஆகல. அதனால முதல்ல, நவம்பருக்குன்னு ஒரு பழைய ஜோடி வச்சுக்கோங்க, இங்க அதை ராக் ஸ்கீன்னே சொல்லுவாங்க, கீறல் விழுந்தாலும் வயிறு எரியாது.

எங்க போறது? எவ்வளவு பனி விழுந்துச்சுன்னு பாக்குறதுக்கு முன்னாடி அது எது மேல விழுந்துச்சுன்னு பாருங்க. புல்லுத்தரை மேல ஒன்றரை அடி இருந்தா ஜாலியா ஓட்டலாம், பாறைக் குவியல் மேல மூணு அடி இருந்தாலும் பத்தாது. ஹைவே 40ல இருக்குற பெர்தூட் பாஸ்ங்கிற மலைக் கணவாய் (11,307 அடி) இதுக்கு நல்ல உதாரணம். 1937ல இருந்து அங்க ஸ்கீ ஏரியா நடந்துச்சு, 2000க்கு அப்புறம் மூடிட்டாங்க, லிஃப்ட் எல்லாம் இப்ப இல்ல, ஆனா அன்னைக்கு மரம் வெட்டி சீர் பண்ண பாதை அப்படியே இருக்கு. அதுக்காக அங்க எல்லாமே சேஃப்னு நினைச்சுடாதீங்க, பக்கத்துலயே செங்குத்தான சரிவும் இருக்கு, கீழ ரோட்டு மேலயே அவலாஞ்ச், அதாவது பனிச்சரிவு, வந்து விழுற இடமும் இருக்கு. இன்னும் சுலபமா வேணும்னா குளிர்காலத்துக்கு மூடுன காட்டு ரோடு ஏதாவது பிடிச்சு ஏறி இறங்குங்க, போர் தான், ஆனா காலு பழகும். பெர்தூட் சம்மிட்ல ஸ்நோடெல்னு பனிய தானாவே அளக்குற ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு, பனி எத்தனை இன்ச்னு ஆன்லைன்லயே பாத்துக்கலாம். அது அந்த ஒரு இடத்துக் கணக்கு மட்டும் தான், மேல மலை முகட்டுல இருந்ததை எல்லாம் காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம். அக்டோபர் பனி வெயில் படுற தெற்குச் சரிவுல உருகிப் போயிடும், வடக்குப் பக்க நிழல்ல மட்டும் தங்கும். அதனால நவம்பர்ல ஸ்கீ ஓட்டுற அளவுக்கு பனி இருக்குற இடமும் அது தான், பழைய கெட்ட பனி படுத்திருக்குற இடமும் அதே தான். ஏன் கெட்டதுன்னா, தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில கதகதப்பா இருக்கும், மேல ராத்திரி வானம் தெளிவா இருந்தா மைனஸ் 15, 20ன்னு போகும், நடுவுல இருக்குறது ஒரு அடி பனி தான். கீழ இருந்து ஈரம் ஆவியா மேல ஏறிக்கிட்டே இருக்கும், அதுல பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத பெரிய பெரிய படிகமா மாறிடும். கையில அள்ளுனா அஸ்கா சர்க்கரை மாதிரி விரல் இடுக்குல கொட்டும், உருண்டை பிடிக்கவே முடியாது. இதுக்கு டெப்த் ஹோர்னு பேரு. அது மேல அடுத்த புயல் ஒரு அடி பனியப் போட்டா, காத்து அதை இறுக்கிப் பலகை மாதிரி ஆக்கிட்டா, சர்க்கரை மேல பலகைய வச்ச கதை தான், ஒரு ஆள் ஏறி நின்னா மொத்தமா வழுக்கிட்டு வரும்.

இந்த லேயர் சீக்கிரம் சாகாது. 2013 ஏப்ரல் 20 அன்னைக்கு லவ்லேண்ட் பாஸ் பக்கம் ஷீப் க்ரீக்ல அஞ்சு பேர் செத்தாங்க, அடியில உடைஞ்சது சீசன் ஆரம்பத்துல உருவான அந்த டெப்த் ஹோர் தான். அமெரிக்காவுல அவலாஞ்ச்ல அதிக பேர் செத்த மாநிலம் கொலராடோ, அதுக்கு இந்தப் பனியோட குணம் ஒரு பெரிய காரணம்.

அதனால முந்தின நாளே கொலராடோ அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சென்டரோட ஃபோர்காஸ்ட்டப் படிங்க, காலையில கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவையும் பாருங்க. 30 டிகிரிக்கு மேல சாஞ்ச சரிவு எதுவும் வேண்டாம், அதுக்குக் கீழயும் நிக்க வேண்டாம். கண்ணால டிகிரி கணிக்க யாராலயும் முடியாது, ஃபோன்லயே அளக்குற ஆப் இருக்கு. நடக்கும்போது காலுக்குக் கீழ வம்ப்னு ஒரு சத்தம் வந்து பனி லேசா உக்காந்துச்சுன்னா, பேருலயே வம்பு இருக்கு, அந்தப் பக்கம் எந்தச் சரிவும் அன்னைக்கு வேண்டாம்னு திரும்பிடுங்க. ஸ்கீ முனையில இருந்து விரிசல் ஓடுனாலும் அதே தான். ஸ்கீ குச்சியத் தலைகீழாப் பிடிச்சுக் குத்திப் பாருங்க, மேல கெட்டியா இருந்து திடீர்னு சர்ருன்னு உள்ள போனா கீழ சர்க்கரை.

"பனியே கொஞ்சம் தானே, எங்க புதையப் போறோம்"னு சிலர் சொல்லுவாங்க, அது தப்பு. கொஞ்சமா இருக்குறப்போ அவலாஞ்ச் நம்மளப் புதைக்காட்டியும் கல்லு, மரக்கட்டை மேல எல்லாம் இழுத்துட்டுப் போகும், அடிபட்டே சாகலாம். ஹெல்மெட் போடுங்க. பீக்கன் (புதைஞ்சவங்களக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்புற, தேடுற கருவி), ப்ரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்குற நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூணும் ஒவ்வொருத்தர் கிட்டயும் இருக்கணும், புதைஞ்சவங்களப் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்தா தான் பெரும்பாலும் பிழைப்பாங்க. போன வருஷ பேட்டரியத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க, ஃபோன பீக்கன்ல இருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, தேடும்போது அரை மீட்டர். வீட்டுக்குப் பக்கத்து பார்க்லயே ஒரு பீக்கனப் புதைச்சு வச்சுத் தேடிப் பழகுங்க. ஒரு அவலாஞ்ச் கிளாஸ் போயிட்டு வந்துடுங்க, அது படிச்சுத் தெரியுற விஷயம் இல்ல.

ஏறும்போது ஒரு தொல்லை இருக்கு. வெயில்ல ஈரப் பனியில நடந்துட்டு நிழலுக்குள்ள போனா ஸ்கின் (ஏறும்போது வழுக்காம இருக்க ஸ்கீ அடியில ஒட்டுற பட்டை) நனைஞ்சிருக்கும், அதுல குளிர்ந்த பனி அப்பிக்கிட்டு ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு கிலோ கட்டி தொங்கும். கிளம்பும்போதே ஸ்கின் மேல மெழுகு தேய்ச்சுக்கோங்க, பாக்கெட்லயும் ஒரு துண்டு இருக்கட்டும். ஓடை சரியா உறைஞ்சிருக்காது, பனிப் பாலத்த நம்பாதீங்க.

இறங்கும்போது மிருதுவான புதுப் பனியில பறக்குற பவுடர் வீடியோவ எல்லாம் மறந்துடுங்க. ஒரே ஓட்டத்துல மாவு மாதிரி பனி, அப்புறம் காத்து இறுக்குனது, அப்புறம் அப்பளம் மாதிரி மேல் ஓடு உடைஞ்சு கால் உள்ள போறது, இப்படி மாறி மாறி வரும். வேகத்தக் குறைங்க, எடைய ரெண்டு கால்லயும் சமமா வைங்க, பின்னால சாயாதீங்க. அப்பளம் உடையுற இடத்துல டர்ன் போடாம குறுக்கால போயி, நின்னு, கிக் டர்ன் போட்டு, அதாவது நின்ன இடத்துலயே ஒவ்வொரு ஸ்கீயா தூக்கித் திருப்பி வச்சு, திரும்புங்க, பாக்க அசிங்கமா இருந்தாலும் முட்டி தப்பிக்கும். பனிக்கு மேல எங்கயாவது சின்னதா மேடு தெரிஞ்சா அது கல்லுன்னே வச்சுக்கோங்க. ஏறும்போது பைண்டிங்ல (பூட்ஸ ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற கிளிப்) போட்ட லாக்க இறங்கும்போது எடுத்துவிட மறக்காதீங்க.

நவம்பர் முதல் வாரம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளிடுவாங்க, அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும். திரும்புற நேரத்த கார்லயே முடிவு பண்ணுங்க, எங்க கணக்கு மத்தியானம் ஒரு மணி, உச்சி பத்து நிமிஷம் தான்னாலும் திரும்பிடுவோம். தலை விளக்கு பையில இருக்கட்டும், கடைசி அரை மைல் பனியே இல்லாம ஸ்கீயத் தோள்ல போட்டுக்கிட்டு பூட்ஸோட நடக்குறது தான் நவம்பர்ல வழக்கம்.