படிகமாதலை மெதுவாக்கப் போய் வேகமாக்கிவிடும் தவறுகள்

உருகிய பாலிமர் ஆறும்போது அதன் சங்கிலிகள் மடிந்து மடிந்து அடுக்காகின்றன; இதுதான் படிகமாதல். அதைச் சற்றே தாமதப்படுத்தினால் பாட்டில் செய்யும் பிஇடி பிளாஸ்டிக் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். கண்ணாடி இழை சேர்த்த நைலானின் மேற்பரப்பு பளபளக்கும். அதற்காகச் சேர்க்கும் பொருளே பல சமயம் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

பிளாஸ்டிசைசர் சேர்த்தால் பொருள் இளகும், இளகினால் படிகம் வராது என்பது பலரின் கணக்கு. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அது தலைகீழ். அதன் கண்ணாடி நிலை வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே சங்கிலிகள் விறைத்துவிடும் வெப்பநிலை, சுமார் 60 டிகிரி செல்சியஸ். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பிளாஸ்டிசைசரைக் கலந்தால் அது கீழே இறங்கும். முன்பு விறைத்துக் கிடந்த வெப்பத்திலேயே சங்கிலிகள் அசைந்து அடுக்கத் தொடங்கும், தெளிவான தகடு வெளுத்துவிடும்.

வேகத்தைக் குறைக்க, சங்கிலியின் அசைவை மந்தமாக்கும் பொருள் வேண்டும். பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கின் கண்ணாடி நிலை மைனஸ் 40 அருகே. அக்ரிலிக் எனப்படும் பிஎம்எம்ஏவுக்கோ 105 அருகே. உருகிய நிலையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் பிவிடிஎஃப்பின் படிகமாதல் தாமதமாகிறது. கலக்காத ஜோடியில் இந்த வித்தை பலிக்காது. பாலிப்ரொப்பிலீனில் கொஞ்சம் பாலிஸ்டைரீனைப் போட்டால் அது துளித்துளியாகத் தனித்து நிற்கும்; பாலிப்ரொப்பிலீன் தன்பாட்டுக்குப் படிகமாகும்.

நிறத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. கறுப்பு நைலான் இரண்டை அருகருகே வைத்தால் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றில் கார்பன் பிளாக், மற்றதில் நைக்ரோசின் சாயம். கார்பன் துகள் ஒவ்வொன்றும் படிகத்துக்கு விதையாகலாம். நைக்ரோசின் நைலானுக்குள் கரைந்து, விதை உருவாவதையே தடுக்கிறது. படிகமாகும் வெப்பநிலை கீழே இறங்க, அச்சின் சுவரோடு ஒட்டிப் பரவ உருகலுக்கு நேரம் கிடைக்கிறது. 'கறுப்புதானே' என்று ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் பளபளப்பு போய் இழை வெளியே தெரியும்.

பிஇடியைச் சரியாக உலர்த்தாவிட்டால் ஈரம் சங்கிலியை வெட்டும். குட்டையான சங்கிலி வேகமாக அடுக்கும். பிறகு சேர்மானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் வெப்ப மாற்றத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் நிமிடத்துக்கு 10 டிகிரி குளிர்வித்து எடுத்த வரைபடத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. அச்சில் உருகல் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குளிர்கிறது. அங்கே முடியாமல் நின்ற படிகமாதல், பாகம் பின்னால் சூடாகும்போது தொடரும். பாகம் சுருங்கும், வளையும். அதனால் அச்சிலிருந்து எடுத்ததும் ஒரு முறை அளந்துவிட்டு, பயன்படப்போகும் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.